எடுத்த நாள் முதல்

காந்திமதிக்கு வரவேண்டிய வீட்டுக்கடன் நின்றுபோனது. நிறுத்தியது அவளைப் பெற்ற அப்பா, வெயிலுமுத்து. இதை நேற்று மத்தியானம் காந்திமதியே போனில் சொன்னாள். அழாமல் சொன்னாள், அதுதான் அவரை இன்னும் உலுக்குகிறது. அழுதிருந்தால் ‘ஏட்டி, மூக்கைச் சிந்திட்டுப் பேசு’ என்று ஒரு அதட்டல் போட்டு மேலே போயிருக்கலாம். இன்றும் மத்தியானம். அதே போன், இன்றைக்குக் கார்டு கொடுத்த வங்கிக்கு. வைத்து வைத்துக் காது சுடுகிறது. உள்ளே ஒரு இசை ஓடுகிறது. இசை என்று சொல்லக்கூடாது, எவனோ பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே பொத்தானைத் திரும்பத் திரும்ப அமுக்குகிற மாதிரி ஒரு டிங் டிங். நடுநடுவே ஒரு பெண்குரல். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம். முக்கியமாம். முக்கியமான ஆளை எவனாவது வாசலிலேயே நிற்க வைப்பானா? தமிழுக்கு இரண்டை அழுத்து என்றாள், அழுத்தினார். கார்டுக்கு நாலை அழுத்து என்றாள், அழுத்தினார். கார்டு நம்பரைப் போடு என்றாள், கண்ணாடியைத் தேடி மாட்டி ஒவ்வொரு எண்ணாகக் குத்தி முடிப்பதற்குள் நேரம் முடிந்தது, முதலிலிருந்து வா என்றாள். மறுபடி இரண்டு. மறுபடி நாலு. ஒரு மனிதக் குரல் கிடைத்தால் போதும். திட்டினாலும் பரவாயில்லை. கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார், கதவைச் சாத்தியாகிவிட்டது, அடுக்களையில் சொர்ணத்தாய் எதையோ இடிக்கிறாள். அவளுக்குத் தெரியாது. கடன் தள்ளிப்போகுது என்ற அளவில்தான் பெண்டாட்டிக்குத் தெரியும், தள்ளினது புருஷன் என்று தெரியாது. தெரியவும் கூடாது. டிங் டிங்.

மனை அவர் பெயரில் இருக்கிறது. ரெட்டியார்பட்டி போகிற ரோட்டில் நாலு சென்ட், ரிட்டயர் ஆன பணத்தில் வாங்கியது. மனை யார் பெயரிலோ அவரும் கடனில் சேர்ந்து கையெழுத்துப் போடவேண்டும் என்றார்கள், போட்டார். கடன் கொடுக்கிறவன் அவர் பெயரைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்து காந்திமதியைப் பார்த்திருக்கிறான். ‘மேடம், உங்க அப்பா பேர்ல கிரெடிட் கார்டு பாக்கி இருக்கு. நாலு மாசமாக் கட்டல.’ கட்டாதவன். வெயிலுமுத்து கட்டாதவன். மின்வாரியத்தில் சர்வீஸ் முழுக்க வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து, ரீடிங்கை அட்டையில் எழுதி, இந்தத் தேதிக்குள்ள கட்டிரு தாயி, பிந்தினா ஃபியூஸ் போயிரும் என்று சொன்ன வாய் இது. ரீடிங் அண்ணாச்சி என்றால் பாளையங்கோட்டையில் பாதித் தெருவுக்குத் தெரியும். கடைசித் தேதி என்பதுதான் அவருக்குச் சாமி. பால்காரனுக்கோ, வீட்டு வரியோ, கேபிள்காரனுக்கோ, கடைசித் தேதி எதுவோ அன்றைக்குப் போய்க் கட்டுவார். முந்தியும் கட்டமாட்டார். முந்திக் கட்டுகிறவன் பயந்தாங்கொள்ளி, பிந்திக் கட்டுகிறவன் போக்கிரி. தேதியில் கட்டுகிறவனை ஒருத்தனும் ஒரு வார்த்தை கேட்க முடியாது. ஒரு பைசா கூடக் கேட்க முடியாது. அப்படித்தானே? அப்படித்தானே இருந்தது? பிறகு எங்கே போனது? கார்த்திகை மழை வேறு. அஸ்திவாரத்துக்குத் தோண்டின குழியெல்லாம் தண்ணீர் நிற்கிறது, போன வாரம் போய்ப் பார்த்தபோது தவளை குதித்தது, ஓரத்தில் போட்டிருந்த கம்பி செம்மண் நிறத்துக்கு வந்துவிட்டது. கொத்தனார் சுடலைக்கண்ணு பீடியைக் காதில் செருகிக்கொண்டு ‘அண்ணாச்சி, பணம் வந்தா ஒரு போனப் போடுங்க, இல்லன்னா நான் தூத்துக்குடி வேலைக்கு ஏறிருவேன்’ என்றான். வாடகை வீட்டுக்காரர் அடுத்த ஆனி பிறந்தால் காலி செய் என்று காந்திமதியிடம் சொல்லிவிட்டார், மகனுக்குக் கல்யாணமாம். வெள்ளிக்கிழமைக்குள் பாக்கி இல்லை என்று ஒரு காகிதம் கொண்டுபோய்க் காட்டாவிட்டால் ஃபைலை மூடிவிடுவார்கள். மூடினால் காந்திமதி ரெண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவாள்? அந்தத் தவளைக் குழிக்கா?

‘எதுக்குப்பா எடுத்திய?’ என்றாள் நேற்று. ‘என்னத்த எடுத்தேன்?’ ‘கார்டுல அறுவதாயிரம் ரொக்கமா எடுத்திருக்கியன்னு சொல்லுதாங்க. வைகாசில. எதுக்கு?’ ‘எடுத்தேன், கட்டிட்டேன். ரசீது இருக்கு.’ ‘கட்டினது சரிப்பா, எதுக்கு எடுத்திய, அதச் சொல்லுங்க.’ ரசீது இருக்கு என்றார் மறுபடி.  அந்தப் பக்கம் அவள் மனசுக்குள் மாதத்தைக் கணக்குப் பார்க்கிறாள், அம்மா புத்தி. பிறகு சொன்னாள், ரொம்ப மெதுவாக, ‘வைகாசில பத்மா கல்யாணம்.’ அவ்வளவுதான். பத்மா அவர் தங்கச்சி மகள். ‘அத்தைக்குத் தெரியுமா?’ என்றாள். ‘அத்தைகிட்ட மூச்சு விட்டேன்னு வை, ஒன் வீட்டுப் படியேற மாட்டேன்’ என்றார். ‘வீடு இருந்தாத்தானப்பா படி’ என்றாள். போனைக் கட் பண்ணினது யார்? அவரா, அவளா? ஞாபகம் இல்லை. வீடு இருந்தாத்தானப்பா படி. ராத்திரி முழுக்க அது ஒன்றே. இப்போதும் அந்த டிங் டிங்குக்கு நடுவில் அதுதான் கேட்கிறது.

கார்டு வந்த கதையே வேறு. ஒவ்வொரு வருஷமும் நான் உயிரோடு இருக்கிறேன் என்று வங்கியில் போய்க் கைரேகை வைக்க வேண்டும், அன்றைக்கு டை கட்டின ஒருத்தன் பிடித்துக்கொண்டான். ‘ஐயா, பென்ஷனர்ஸுக்கு ஸ்பெஷல். வாழ்நாள் முழுக்க ஃப்ரீ. இப்ப வாங்குங்க, ஒன்றரை மாசம் கழிச்சுக் கட்டுங்க, ஒரு பைசா வட்டி கிடையாது.’ நம்பவில்லை. சொர்ணத்தாய்க்குச் சர்க்கரை மாத்திரை ஒரு தடவை அதில் வாங்கிப் பார்த்தார். பில் கூரியரில் வந்தது, தமிழிலும் அச்சடித்து, கடைசித் தேதி தடித்த எழுத்தில். தேதியில் போய்க் கட்டினார். அடுத்த பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒரு பைசா கூட இல்லை. அசந்துபோனார். இரண்டு வருஷம் அப்படியே ஓடியது, மாத்திரை, பெட்ரோல், பேரனுக்குச் சைக்கிள். கடைசித் தேதியை மதிக்கிற ஒரு வங்கி. நம்ம ஆள் என்று தோன்றிவிட்டது. காலையில் மைதானத்தில் நடக்கும்போது கனகசபையிடம் சொன்னார், ‘வே, அவன் பணத்த ஒன்றரை மாசம் சும்மா வச்சுச் சுத்துதேன், தெரியுமா.’ கனகசபை கூட்டுறவுச் சங்கத்தில் இருந்தவர், எதையும் நம்பமாட்டார். ‘வங்கிக்காரன் உமக்கு மாமனா மச்சானா? சும்மா குடுக்குததுக்கு’ என்றார். ‘தேதி தவறாம கட்டுதவனுக்குச் சும்மாதான் வே.’ ‘அப்பம் ஒம்மால அவனுக்கு ஒரு பிரயோசனமும் இல்ல. எதுக்காக ஒம்மக் கட்டி மேய்க்கான்?’ அன்றைக்கு அதைக் கேட்டு ஹோவென்று சிரித்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். எதுக்காக மேய்க்கான். இப்போது அந்தக் கேள்வி முகத்துக்கு நேரே நின்று சிரிக்கிறது.

தங்கச்சி பகவதி சங்கரன்கோவிலில் இருக்கிறாள். புருஷன் போய்ப் பல வருஷமாயிற்று. அங்கன்வாடிச் சம்பளத்தில் பத்மாவைப் படிக்க வைத்து மாப்பிள்ளையும் பார்த்துவிட்டாள். தாய்மாமன் சீர் என்று ஒன்று இருக்கிறது. சேலை, மாலை, மிஞ்சி எல்லாம் யாரும் செய்வார்கள். ஆனால் தட்டில் ரொக்கம் வைக்க வேண்டும், வெற்றிலைக்கு மேலே, புது நோட்டாக, மாப்பிள்ளை வீட்டுப் பங்காளிகள் எட்டிப் பார்க்க, மைக்கில் தொகையைச் சொல்ல. அப்பா இல்லாத பெண்ணுக்கு அந்தத் தட்டுதான் கௌரவம். போனில் அனுப்பிரலாமே என்று எவனோ சொன்னான். தட்டில் போனையா வைப்பான்? பென்ஷன் அரியர்ஸ் வரவேண்டியிருந்தது, அதை நம்பித்தான் அறுபது என்று மனசில் போட்டு வைத்திருந்தார், அரியர்ஸ் வரவில்லை. சொர்ணத்தாய் ‘இருவது வச்சா என்ன கொறஞ்சிரும்’ என்றாள், அவள் அப்படித்தான் சொல்வாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஏடிஎம்முக்குள் போனார். ஏசி ஓடவில்லை. எவனோ வெற்றிலை போட்டுத் துப்பியிருந்தான். பெட்ரோலுக்குத் தேய்க்கிற கார்டு பணமும் கொடுக்கும் என்று அந்த டைக்காரன் சொன்னது ஞாபகம் இருந்தது. செருகினார். மெஷின் இங்கிலீஷில் ஏதோ கேட்டது, ஆமாவா இல்லையா என்று. ஆமா. மறுபடி ஏதோ கேட்டது. ஆமா. ஒரே தடவையில் வராது என்றதால் ரெண்டு தடவையாக எடுத்தார். கரகரவென்று உள்ளே எண்ணிக் கொடுத்தது, அந்தச் சத்தம் எவ்வளவு நன்றாக இருந்தது. மறுநாள் மைக்கில் சொன்னார்கள். மணமகளின் தாய்மாமன், மின்வாரியம் வெயிலுமுத்து அவர்கள், ரொக்கம் ரூபாய் அறுபதாயிரம். பகவதி தட்டைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்து, ‘ஏண்ணே இவ்வளவு? எங்கயாவது கடன்கிடன் வாங்கினியளா?’ என்றாள். ‘கடன் வாங்கித் தாய்மாமன் சீர் வைக்கிற குடும்பமா நாம? போ, போய்ப் பந்தியப் பாரு.’ அவள் நின்று பார்த்தாள். பிறகு போனாள். அந்தப் பார்வை. கடன் இல்லையே அது? அடுத்த மாதம் அரியர்ஸ் வந்தது. கடைசித் தேதி மாசாமாசம் ஒன்றுதான், பில்லுக்குக் காத்திராமல் அன்றைக்கு வங்கியின் ஜங்ஷன் கிளைக்குப் போய் எடுத்த அறுபதாயிரத்தையும் கவுன்ட்டரில் எண்ணிக் கொடுத்து ரசீது வாங்கிவிட்டார். எடுத்தது அறுபது, கொடுத்தது அறுபது. கார்டைப் பீரோவுக்குள் போட்டார். அதற்குப் பிறகு அதைத் தொடவே இல்லை. பில்லும் வரவில்லை. பில் வரவில்லை என்றால் பாக்கி இல்லை, அவ்வளவுதானே?

‘ஏங்க’ என்று கதவுக்கு அப்பால் சொர்ணத்தாய். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ‘என்ன?’ ‘முருங்கக்கா ரெண்டு கெடக்கு. சாம்பார்ல போடவா, நாளைக்கு வைக்கவா?’ ‘போடு.’ ‘நேத்து வேண்டாம்னிய.’ ‘இன்னைக்கு வேணும். போ.’ ‘யார்கிட்டப் பேசுதிய இவ்வளவு நேரமா?’ ‘பேசல. பாட்டுக் கேக்கேன்.’ அவள் போகவில்லை, நிற்கிறாள், கதவின் அடியில் நிழல் தெரிகிறது. பிறகு நிழல் போனது. அந்த நேரம் பார்த்து டிங் டிங் நின்றது. ‘வணக்கம் சார், நான் ரெஜினா பேசுறேன், உங்களுக்கு எப்படி உதவலாம்?’ மனிதக் குரல். சின்னப் பெண். அவர் நேற்று ராத்திரியிலிருந்து சேர்த்து வைத்திருந்த கோபம் எல்லாம் ஒரே வாக்கியமாக வந்தது, ‘நான் கட்டாதவன் இல்ல.’ ‘சார்?’ ‘அறுவதாயிரம் எடுத்தேன். கடைசித் தேதிக்குள்ள கட்டிட்டேன். ரசீது இருக்கு. பாக்கிங்கிய.’ அவள் பிறந்த தேதி கேட்டாள், அம்மா பெயர் கேட்டாள், எதற்கு அம்மா பெயர், எரிச்சலோடு சொன்னார். தட்டுகிற சத்தம். ‘பார்த்துட்டேன் சார். பதினோராயிரத்துக்குக் கொஞ்சம் குறைவா நிலுவை காட்டுது.’ பதினோராயிரம். அறுபதைக் கட்டின பிறகு பதினோராயிரம். பீரோவுக்குள் இருட்டில் கிடந்த அட்டை குட்டி போட்டிருக்கிறது. ‘எப்படிம்மா?’ என்றார்.

‘சார், நீங்க கார்டுல பணமா எடுத்திருக்கீங்க. பொருள் வாங்கினாத்தான் அந்த வட்டியில்லாத நாள் எல்லாம். பணமா எடுத்தா அது கிடையாது. ஒவ்வொரு தடவை எடுக்கிறதுக்கும் ஒரு கட்டணம் உண்டு. அதுபோக எடுத்த நாள் முதல் வட்டி ஓடும்.’ ‘கடைசித் தேதிக்குள்ள கட்டினாலுமா?’ ‘கட்டினாலும் சார். எடுத்த அன்னைல இருந்து நீங்க கட்டுற அன்னைக்கு வரைக்கும் ஓடும். நீங்க எடுத்த தொகையை மட்டும் கட்டியிருக்கீங்க. கட்டணமும் வட்டியும் நின்னுபோச்சு. அதுக்கு மாசாமாசம் தாமதக் கட்டணம் ஏறியிருக்கு, அந்த நிலுவைக்கு வட்டி ஏறியிருக்கு.’ ஓடும் என்கிறாள். ஓடும், ஓடும். எடுத்த நாள் முதல். அவர் அந்தத் தட்டை வெற்றிலையோடு தூக்கிக்கொண்டு மணமேடையைப் பார்த்து நடந்தபோது அது ஓடிக்கொண்டிருந்தது. மைக்கில் பெயரைச் சொன்னபோது ஓடியது. பந்தியில் உட்கார்ந்து பாயசத்தை ரெண்டாம் தடவை வாங்கியபோது ஓடியது. யாரும் தொடாமல், யாருக்கும் கேட்காமல், சுவரில் மாட்டின மீட்டரில் தட்டு சுற்றுகிற மாதிரி.  மீட்டர். ரீடிங் எடுத்து எழுதிவிட்டுக் கேட்டைச் சாத்திக்கொண்டு வந்தால் அது நின்றுவிடுமா? எத்தனை வீட்டில் அவரே சொல்லியிருக்கிறார். ‘போன தடவ முழுசும் கட்டிட்டேனே அண்ணாச்சி, ஊருக்குப் போயிட்டேனே, அப்புறம் ஏது பில்லு?’ என்று கேட்கிறவர்களிடம், ‘உள்ள ஃப்ரிட்ஜ் ஓடுச்சுல்லா? அது ஓடினா இது ஓடும்’ என்பார். எவ்வளவு எளிதாகச் சொல்வார். அதே ஆள், எடுத்தது அறுபது கொடுத்தது அறுபது என்று குழந்தை மாதிரி. ஆனால், ஆனால், மீட்டர் இருக்கிறது என்று அங்கே கண்ணுக்குத் தெரியும். வாசலில் மாட்டியிருக்கும். இதை எங்கே மாட்டியிருந்தான்?

‘இத என்கிட்ட யாரு சொன்னா?’ என்றார். ‘விதிமுறைகள்ல இருக்கு சார். அதுலயும் சித்திரையோட மாறிருச்சு. பணம் எடுக்கிற கட்டணம் கூடிருக்கு, தாமதக் கட்டணம் கூடிருக்கு, வருஷக் கட்டணம் வந்திருக்கு.’ ‘வாழ்நாள் முழுக்க ஃப்ரீன்னானே அந்தப் பய.’ ‘அந்தச் சலுகையை எடுத்துட்டாங்க சார்.’ ‘யாரோட வாழ்நாள்ம்மா அது? நான் இன்னும் இருக்கேன்லா?’ அவள் பக்கம் ஒரு சின்னச் சத்தம், சிரிப்பை விழுங்குகிறாளோ. ‘பில் ஏன் வரல?’ ‘காகித பில்லையும் நிறுத்திட்டாங்க சார். எல்லாம் உங்க இமெயிலுக்குத்தான் வருது. விதி மாறினதும் அதுலதான் அனுப்பியிருக்கோம். எஸ்எம்எஸும் போயிருக்கு.’ ‘எனக்கு இமெயில் கிடையாது.’ ‘இருக்கு சார்’ என்று அவள் வாசித்தாள், வெயிலுமுத்துவில் ஆரம்பித்து அவர் பிறந்த வருஷத்தில் முடிகிற ஒரு முகவரியை. வெயிலுமுத்துவுக்கு ஒரு மின்னஞ்சல் இருப்பது வெயிலுமுத்துவுக்குத் தெரியாது. அந்த டைக்காரன் அன்றைக்கு அவர் போனை வாங்கி என்னவோ தட்டிக்கொண்டிருந்தான், ஓடிபி வரும் ஐயா, சொல்லுங்க என்றான், சொன்னார். அப்போது பிறந்திருக்கிறது. எங்கேயோ ஒரு பெட்டி, அவர் பெயர் எழுதி, அதில் மாசாமாசம் பில் விழுந்து, விதி மாறிவிட்டது மாறிவிட்டது என்று தாள் விழுந்து, திறக்க ஆள் இல்லாமல். எஸ்எம்எஸ்? காலையில் காப்பி குடித்துக்கொண்டே அத்தனையையும் அழிப்பார். லோன் வேண்டுமா, இடம் வேண்டுமா, லட்சாதிபதி ஆகிறாயா. இங்கிலீஷில் இருந்தால் பார்க்காமலே அழிப்பார். முற்றம் தெளிக்கிற மாதிரி அது ஒரு வேலை. அப்படி எத்தனை தடவை அவரை அவரே அழித்தாரோ. கரண்ட் ரேட் மாறினால் பேப்பரில் வரும், டீக்கடையில் அதை வைத்து அரசாங்கத்தைக் கிழிப்பார்கள், ஆபீஸில் போர்டில் ஒட்டுவார்கள், போதாததற்கு அவரே ஒவ்வொரு கேட்டிலும் நின்று, ஏ தாயி, அடுத்த தடவைல இருந்து கூடும், பார்த்துக்கோ என்று கத்திவிட்டு வருவார். எரிச்சலாகத்தான் சொல்வார். ஆனால் சொல்வார். வாயால் சொல்லாமல் ஒரு விதி மாறுமா?

‘இப்ப நான் என்ன செய்யணும்?’ என்றார். ‘முழுசும் கட்டிட்டா கணக்கு முடியும் சார். பாக்கி இல்லைங்கிற லெட்டர் வர சில நாள் ஆகும்.’ ‘வெள்ளிக்கிழமை வேணும்.’ ‘கேட்டுப் பார்க்கிறேன் சார். லைன்ல இருங்க.’ டிங் டிங். மறுபடி அந்தப் பாவி டிங் டிங். சில நாள். சில நாளில் ஃபைல் மூடும். கொத்தனார் தூத்துக்குடி பஸ்ஸில் ஏறுவான். குழி தூர்ந்துபோகும். கட்டுவதற்குப் பணம்? பென்ஷன் சொர்ணத்தாய் கையில் இருக்கிறது, வாங்கினால் எதற்கு என்பாள், சொன்னால், இருவது வச்சா என்ன கொறஞ்சிரும்னு நான் அன்னைக்கே சொன்னேன் என்பாள், அது கூடப் பரவாயில்லை, அவள் வாயில் பகவதி பெயர் வரும். ஒங்க தங்கச்சி மகளுக்குச் செய்யப் போயி எம்மவ நடுத்தெருவுல நிக்கா. அந்த வாக்கியம் அவள் இன்னும் சொல்லவில்லை, ஆனால் அவருக்கு இப்போதே கேட்கிறது, ஏற்ற இறக்கத்தோடு கேட்கிறது. பிறகு அது சங்கரன்கோவிலுக்குப் போகும். பகவதி அந்தப் பணத்தில் ஒரு ரூபாயை வைத்துக்கொள்ள மாட்டாள். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் பத்மாவைச் சொல்லிக் காட்டுவார்கள், ஒன் மாமன் கடன் வாங்கி வச்ச சீரு. கடன் இல்லை என்று சொன்னாரே. பந்தியப் பாரு என்று விரட்டினாரே. சும்மா இருபது வைத்திருந்தால் என்ன? என்ன ஆகியிருக்கும்? அப்பா இல்லாத பிள்ளை என்று ஒருத்தன் முணுமுணுத்திருப்பான், அவ்வளவுதான், அது காற்றோடு போயிருக்கும். பாக்கி வசூலுக்கு ஆள் வருவார்களாமே வீட்டுக்கு. கனகசபை சொல்லியிருக்கிறார், ரெண்டு தடியன்கள் பைக்கில் வந்து வாசலில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்களாம், தெரு முழுக்கக் கேட்கும்படி. யோவ் வெயிலுமுத்து. எதிர்வீட்டு ஜன்னல் திறக்கும். ரீடிங் அண்ணாச்சியா, கட்டலையா?  தண்ணீர் குடிக்கவேண்டும், எழுந்தால் லைன் போய்விடுமோ என்று எழவில்லை. சொல்லிவிடலாமா? கதவைத் திறந்து, அடுக்களைக்குப் போய், ஏய், ஒண்ணு சொல்லணும். எத்தனை வருஷத்தில் அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்? வாயைத் திறந்து பார்த்தார். ஒண்ணு சொல்லணும். சத்தம் வரவில்லை. மகள் வீடா, தன் முகமா? இதில் யோசிக்க என்ன இருக்கிறது, கிழட்டு மடையா. இன்றைக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லிவிடுவது. இல்லை, சாப்பிட்ட பிறகு. இல்லை, முன்னால்தான்.

போன் காதில் துடித்தது. ஒரு எஸ்எம்எஸ். எடுத்துப் பார்த்தார். இங்கிலீஷ். விரல் பழக்கத்தில் அழிக்கப் போனது, நின்றது. எழுத்துக் கூட்டி வாசித்தார். பேமென்ட். ரிசீவ்டு. கார்டின் கடைசி நாலு எண். பதினோராயிரத்துக்குக் கொஞ்சம் குறைந்த ஒரு தொகை.  எடுத்துவிட்டார்கள். லைனில் நிற்க வைத்து, பாட்டுப் போட்டு, அவர் பென்ஷன் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள், பிறந்த தேதி அம்மா பெயர் எல்லாம் கேட்டது அதற்குத்தான். ‘ஏ பிள்ள! ஏ பிள்ள!’ என்று கத்தினார், டிங் டிங்கைப் பார்த்து. ‘சார், லைன்ல இருந்ததுக்கு நன்றி.’ ரெஜினா. ‘யாரக் கேட்டு எடுத்திய?’ ‘நாங்க எதுவும் எடுக்கல சார். நீங்க லைன்ல இருக்கும்போதே உங்க ஜங்ஷன் கிளைல யாரோ முழுசும் ரொக்கமாக் கட்டியிருக்காங்க. உங்க கணக்குல இப்ப பாக்கி எதுவும் இல்ல. நான் லெட்டர் விஷயமா அங்க கேட்டேன், மேனேஜர் முன்னாடியே உக்காந்து, வாங்காமப் போகமாட்டேன்னு சொல்லி, லெட்டரையும் கையோட வாங்கிட்டுப் போயிட்டாங்களாம்.’ அவருக்குப் புரியவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் புரிகிறது, சேர்த்துப் புரியவில்லை. ‘எம்மவளா?’ ‘இல்ல சார், கொஞ்சம் வயசானவங்களாம். ஒரு நிமிஷம் சார்...’ ‘பாட்டப் போட்ராத!’ ‘போடல சார், இங்கேயேதான் இருக்கேன். கட்டினவங்க பேரும் உறவும் எழுதியிருக்கு. உறவு, தங்கைன்னு இருக்கு சார்.’

பெயரை அவள் சொல்லுமுன் போனை இறக்கிவிட்டார். காந்திமதி வாயைத் திறந்துவிட்டாள். சொல்லாதே என்று சொன்ன நேரத்திலேயே சொல்லியிருப்பாள். தங்கச்சி இந்த மழையில் சங்கரன்கோவிலில் பஸ் ஏறி, ஜன்னலோரத்துச் சாரல் தோளில் விழ, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். எந்த நகையை எங்கே வைத்தாளோ. தெரிந்துவிட்டது. தட்டில் இருந்தது என்ன என்று தெரிந்துவிட்டது. மேனேஜர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறாள். ராத்திரியெல்லாம் எது நடக்கக்கூடாது என்று நினைத்தாரோ அதுவே பஸ் ஏறி வந்து அவர் கடனைக் கட்டியிருக்கிறது. அந்த லெட்டர் இந்நேரம் காந்திமதி வீட்டை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். இப்போது கோபப்பட வேண்டுமா? யார் மேல்? இது கோபம் இல்லை, கோபம் அவருக்குத் தெரியும். போனுக்குள் ‘சார், வேற ஏதாவது உதவி வேணுமா சார்?’ என்று சின்னதாக ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. கதவு திறந்தது. சொர்ணத்தாய், கையில் கரண்டி. ‘என்ன சத்தம்? பாக்கிங்கிய, எடுத்தியங்கிய. அடுப்படி வரைக்கும் கேக்கு. பாட்டா கேட்டிய?’ அவர் அவளைப் பார்த்தார். ‘என்ன, மூஞ்சி இப்படி வெளிறிக் கெடக்கு? யாரு எதக் கட்டுனா? சொல்லுங்க, பயமா இருக்கு.’ கட்டிலில் தள்ளி உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டார். அவள் உட்காரவில்லை. கரண்டியிலிருந்து சாம்பார் தரையில் சொட்டியது.

‘பகவதி’ என்றார்.